திருவிழா மேடையிலிருந்து திரும்பிய கருவிகள்: சுத்தம் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசியில் தொடங்கி ஆடி முடியும்வரை எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஊர் ஊராகக் கோவில் திருவிழா. நடுவே முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு. கீபோர்டு வாசிப்பது என் வேலை. கச்சேரி முடிந்தபின் மைக், மிக்ஸர், கேபிள் பெட்டியை எண்ணிப் பார்த்து வண்டியில் ஏற்றுவதும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. சீசன் முடியும்போது வியர்வை, செம்மண், புகை இயந்திரத்தின் பிசுபிசுப்பு, கலர் பேப்பர் துணுக்கு, விபூதி, பன்னீர் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் எப்படிப் போக்குவது என்று மற்ற குழுக்காரர்களும் புதிதாக வந்த பிள்ளைகளும் கேட்பவை கீழே உள்ளன. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் அழுக்கால் செத்த கருவி குறைவு. சுத்தம் செய்கிறேன் என்று இறங்கிக் கொன்றதுதான் அதிகம். அதனால் பதில்களில் "வேண்டாம்" கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

முதலில் என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் துணி, பெயின்ட் படாத புது ஒரு அங்குல பிரஷ், மெல்லிய பல் துலக்கும் பிரஷ், காட்டன் பட்ஸ், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் பந்து ஊதி. இவற்றிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

மீதிக்கு மூன்று பாட்டில். முதலாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இதை 70 சதவீதம், 99 சதவீதம் என இரண்டு வகையாக விற்கிறார்கள். கிருமி சாக வேண்டுமானால் 70 சதவீதம்தான் சரி; அதிலுள்ள தண்ணீர்தான் ஆல்கஹால் வேலை செய்ய உதவுகிறது, உடனே ஆவியாகாமலும் பிடித்து வைக்கிறது. ஜாக், பின், சர்க்யூட் பக்கம் போனால் 99. இரண்டாவது, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் தருகிற காண்டாக்ட் கிளீனர், அதாவது மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே. மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்துகிறோமே, அந்த ஃபேடருக்கென்று மசகு கலந்த தனி வகையும் உண்டு. மூன்றாவது, ஒரு சின்ன பாட்டில் நீலகிரித் தைலம். எதற்கென்று கேபிள் கேள்வியில் சொல்கிறேன்.

ஹேண்ட் சானிடைசரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் மாதிரிப் பொருட்களைச் சேர்த்திருப்பார்கள். ஆல்கஹால் பறந்த பின் அது பசையாக நிற்கும். அப்புறம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும். நம் ஊரில் அந்தக் குளிர் எப்போது வந்தது? சூடத்தட்டு, சிகரெட், ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்துத் துடைக்கிற வேலையே கூடாது.

எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு வரிசை இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு உலர்ந்த பிரஷ். மண்ணைத் தட்டாமல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். மிக்ஸர் மேல் எழுத்தெல்லாம் அழிவது இப்படித்தான். அதற்கடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும், ஆல்கஹால்.

இந்த வரிசையைப் பலர் மாற்றிவிடுகிறார்கள். ஆல்கஹால்தான் வீரியமானது, நேரே அதிலேயே துடைத்துவிடலாம் என்று நினைப்பு. ஆனால் மேடை அழுக்கில் பெரும் பகுதி வியர்வை உப்பு. உப்பு தண்ணீரில் கரையும், 99 சதவீத ஆல்கஹாலில் கரையவே கரையாது என்று சொல்லலாம். எண்ணெய்ப் பசை போய் மேலே பளபளப்பாகத் தெரியும், உப்பு அங்கேயே இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். தூத்துக்குடி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் மாதிரிக் கடலோர ஊரில் ஒரு இரவு வாசித்துவிட்டு வந்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: எந்தத் திரவமானாலும் துணியில்தான் ஊற்ற வேண்டும், கருவியின் மேல் தெளிக்கக் கூடாது. காண்டாக்ட் கிளீனர் மட்டும்தான் விதிவிலக்கு.

பாடகர் மைக்கில் நாற்றம் அடிக்கிறது. என்ன செய்வது?

ஒரே மைக்கில் நாலு பேர் பாடி, நடுவில் ஊர்த் தலைவர் வெற்றிலையோடு பேசி, நன்கொடை கொடுத்தவர் பட்டியலைப் படிக்க இன்னொருவர் அதை வாயோடு ஒட்டிப் பிடித்திருப்பார். நாறாமல் என்ன செய்யும்?

நம் மேடைகளில் அதிகம் புழங்கும் ஷூர் எஸ்எம்58-ஐ எடுத்துக்கொள்வோம். 1966-ல் வந்த மைக், இன்றும் அதே வடிவம். பந்து போன்ற இரும்பு வலைத் தலை மரைபோட்டு நிற்கிறது. மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வலையைத் திருகிக் கழற்றுங்கள். நேராக வைத்துக் கழற்றினால் வலைக்குள் காய்ந்திருக்கும் துகளெல்லாம் உள்ளே ஒலியை வாங்கும் கேப்ஸ்யூல் மேல் கொட்டும். கழற்றிய வலையை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டுப் பல் பிரஷால் தேய்க்கலாம். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சையும் அதிலேயே மெல்லப் பிழிந்து அலசலாம். முறுக்கினால் கிழிந்துவிடும். ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதைக் காப்பாற்ற நினைக்காமல் புது வலை வாங்கிவிடுங்கள்.

பிறகு காய வைக்க வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் அவசரம். ஒரு ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும். ஈர ஸ்பாஞ்சோடு மூடினால் நாற்றம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், கேப்ஸ்யூலும் வேர்க்கும்.

கச்சேரி நடுவில் ஆள் மாறும்போது? 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் வலையின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஓரிரு நிமிடம் காயவிட்டுக் கொடுத்தால் போதும். டூயட் பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு மைக் ஒதுக்கிக் கைப்பிடியில் கலர் டேப் சுற்றி வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

வலைக்கு உள்ளே இருக்கும் வட்டத்தையும் துடைக்கலாமா?

கூடாது. அந்த வட்டம்தான் கேப்ஸ்யூல். அதன் மேலுள்ள மெல்லிய படலம் அசைவதால்தான் மைக் வேலை செய்கிறது. துணி, பஞ்சு, ஆல்கஹால், வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சிலும் சேர்ந்து போகும். தலைகீழாகப் பிடித்து, மிக மெல்லிய பிரஷால் ஓரத்தைத் தட்டிவிடுங்கள், அவ்வளவுதான். கோரஸ், வயலின், ஹை-ஹேட்டுக்கு வைக்கும் கண்டென்சர் மைக்குகள் இதைவிட நொய்மை. அவற்றின் உடம்பை மட்டும் துடைத்து உறையில் வையுங்கள்.

கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது என்ன?

சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றாமல் பெட்டியில் போட்டதன் கூலி. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். வெறும் கையால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கண்ணில் படக்கூடாது. கையுறை போட்டு, உலர்ந்ததை முதலில் தட்டிவிட்டு, காட்டன் பட்ஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டுத் தொட்டு அந்த இடத்தில் வையுங்கள். லேசாக நுரைத்து அடங்கும். பிறகு தண்ணீர் தொட்ட பட்ஸ், அதற்குப் பிறகு 99 சதவீத ஆல்கஹால். ஸ்பிரிங் கறுத்து அரித்துப்போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

மிக்ஸரில் ஃபேடரை நகர்த்தினால் கரகரவென்கிறது. ஸ்பிரே அடிக்கலாமா?

அடிப்பதற்கு முன் பணம் செலவில்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. மிக்ஸரை அணைத்துவிட்டு அந்த ஃபேடரை மேலும் கீழும் முழு நீளத்துக்கு முப்பது தடவை இழுங்கள். உள்ளே கார்பன் பூசிய பாதையில் ஒரு சின்ன உலோக விரல் ஓடுகிறது. நாம் எப்போதும் ஒரே இடத்தில் வைத்து வாசிப்பதால் மற்ற இடங்களில் தூசி படிந்துவிடுகிறது. ஓட்டினாலே பாதிக்குப் பாதி சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால், ஃபேடர் இடுக்கிலிருக்கும் தூசியை முதலில் பிரஷாலும் ஊதியாலும் வெளியே எடுங்கள். இதைச் செய்யாமல் ஸ்பிரே அடித்தால் தூசி சேறாகி உள்ளே இறங்கும். பிறகு ஃபேடருக்கென்றே விற்கும் மசகு கலந்த கிளீனரை மெல்லிய குழாய் வழியாக ஒரு நொடி, அரை நொடி. குளிப்பாட்டக் கூடாது. சாதாரண காண்டாக்ட் கிளீனர் சிலது கார்பன் பாதையில் இருக்கும் மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் சத்தமில்லாமல் ஓடி அப்புறம் முன்னைவிட அதிகமாகக் கரகரக்கும். அடித்த பின் மறுபடி முப்பது தடவை இழுத்து, நன்றாக ஆவியாக விட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

அதற்கும் மசியாத கரகரப்பு உண்டு. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் கசிந்து ஃபேடருக்கு டிசி மின்னழுத்தம் வந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும். இரண்டு தடவை சுத்தம் செய்தும் போகவில்லையென்றால் மூன்றாவது தடவை அடிக்காதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர்களில் ஃபேடருக்கு மோட்டார் இருக்கிறது. அவற்றில் நான் பிரஷ், ஊதி தவிர எதையும் கொண்டுபோவதில்லை.

டபிள்யூடி-40 அடித்தால் உடனே சரியாகிவிடுகிறதே?

ஆகும். அதுதான் சிக்கல். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரித்தது அது. தண்ணீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயரின் சுருக்கம். தண்ணீரை விரட்டியபின் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதே அதன் வேலை. கதவுக் கீலுக்கு நல்லது. ஃபேடருக்குள் அந்த எண்ணெய் நின்றால், அடுத்த ஊர் செம்மண்ணெல்லாம் அதில் வந்து ஒட்டும். அதே நிறுவனம் காண்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஒன்று விற்கிறது, அது வேறு சரக்கு. டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

கீபோர்டு கட்டைகளில் கறுப்பு படிந்திருக்கிறது. ஆல்கஹால் போடலாமா?

கீபோர்டோடு வரும் கையேட்டைத் திறந்து பாருங்கள். தின்னர், ஆல்கஹால், ரசாயனம் தோய்த்த துணி எதுவும் வேண்டாம் என்று யமஹா கையேடுகளில் தெளிவாகவே போட்டிருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். கட்டையின் நீளவாக்கில், பின்னாலிருந்து நம்மை நோக்கித் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் இடுக்கில் தண்ணீர் இறங்கும், அழுக்கும் கூடவே போகும். மேலே நேராக ரெக்சினோ ரப்பர் விரிப்போ போட்டு மூடாதீர்கள், வெயிலில் ஒட்டிக்கொண்டு நிறம் மாறிவிடும். பருத்தித் துணி ஒன்று கீழே இருக்கட்டும்.

கீபோர்டு மேல் டீ கொட்டிவிட்டது!

எனக்கு நேர்ந்தது பாதாம் பால். ஒரு கல்யாண வரவேற்பில், அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தவர் கை தவறிவிட்டது. நான் துடைத்தேன், ஹேர் டிரையர் காட்டினேன், ஒரு மணி நேரத்தில் "காய்ந்திருக்கும்" என்று ஆன் செய்தேன். நடு ஆக்டேவில் நாலு கட்டை தொட்டதெல்லாம் முழுச் சத்தத்தில் அலறியது. இரண்டு கட்டை பேசவே இல்லை. ஹேர் டிரையர் சூட்டில் ஒரு வெள்ளைக் கட்டை லேசாக வளைந்தும்விட்டது.

ஏன் அலறியது என்று பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழில் இரண்டு கார்பன் தொடுமுனைகள் இருக்கின்றன. அழுத்தும்போது ஒன்று முதலிலும் மற்றது அடுத்தும் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் மெல்ல அழுத்தினோமா ஓங்கி அடித்தோமா என்று கீபோர்டு முடிவு செய்கிறது. அதில் ஒன்று அழுக்காகிவிட்டால் கணக்குத் தப்பிவிடும். கொட்டாமலேயே, வெறும் தூசியால்கூட இது வரும்.

ஆகவே கொட்டியவுடன் பிளக்கைப் பிடுங்கி, அப்படியே கவிழ்த்துப் பிடியுங்கள். வந்த வழியே போகட்டும். வெறும் தண்ணீர் என்றால் கவிழ்த்த நிலையிலேயே இரண்டு மூன்று நாள் மின்விசிறிக் காற்று. சர்க்கரை கலந்தது எதுவானாலும் காய்வதால் பலனில்லை, காய்ந்தால் பாகு. "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஒரு தடவைகூட ஆன் செய்யாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் வைக்கும் வைத்தியத்தையும் மறந்துவிடுங்கள், அரிசிக் குருணைதான் உள்ளே போகும்.

ஆக்டாபேட், டிரம்ஸ்?

ஆக்டாபேட் என்பது குச்சியால் தட்டி வாசிக்கும் எலெக்ட்ரானிக் தாளக் கருவி. அதன் ரப்பரில் வியர்வைத் தடமும் குச்சித் தடமும் ஈரத்துணிக்கே போய்விடும். ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் பட்டால் ரப்பர் வெளுத்து வெடிக்கும். டிரம்ஸின் பாலியெஸ்டர் தலைக்கும் ஈரத்துணிதான்.

சிம்பலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் டிரம்மரின் அம்மா, குத்துவிளக்கு தேய்க்கும்போது கூடவே இருந்த சிம்பலையும் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். அன்பான காரியம்தான். ஆனால் நல்ல சிம்பல் 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் ஈயமும் கலந்த வெண்கலம். ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம், காரீயம் அல்ல. புளியின் அமிலம் மேல் படலத்தைத் திட்டுத்திட்டாகத் தின்று செம்பு நிறத்தைக் காட்டிவிட்டது, கம்பெனிப் பெயரும் பாதி போயிற்று. வரிகளுக்குள் தங்கிய புளி மழைக்காலத்தில் பச்சையாகப் பூத்தது. பித்தளைப் பாலிஷும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதோடு அது தேய்க்கவும் செய்யும். சோப்புத் தண்ணீரில் வரிகளை ஒட்டியே வட்டமாகத் துடைத்து, அலசி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கை ரேகை போனால் போதும், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை.

கிட்டார், வயலின், வீணைக்கு ஒரே திரவம் போதுமா?

இல்லை. மூன்றும் தந்திக் கருவி என்றாலும் உடம்பு வேறு வேறு.

கிட்டாரில் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை இழுத்தால் தந்தியின் ஆயுள் கூடும். தந்தி மாற்றும் நாளில்தான் விரல்பலகைக்கு வேலை. ரோஸ்வுட் என்றால் லெமன் ஆயில் இரண்டு மூன்று சொட்டு துணியில் தொட்டுத் துடைத்து, மிச்சத்தை உடனே எடுத்துவிடலாம். மேப்பிள் பலகைக்கு மேலே பெரும்பாலும் லாக்கர் பூசியிருப்பதால் எண்ணெய் தேவையில்லை. பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஆல்கஹால் பட்டால் இளகிவிடும்.

வயலினுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்பிரிட் வார்னிஷ் பூசிய வயலின் மேல் ஆல்கஹால் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் கரைந்துவிடும், திரும்ப வராது. நம் வித்வான்கள் விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அந்த எண்ணெயும் வில்லிலிருந்து விழும் ரோசின் பொடியும் சேர்ந்தால் தந்தியடியில் கறுப்புக் கோந்தாகிவிடும். தினமும் உலர்ந்த துணியால் துடைத்தால் வராது. வந்துவிட்டதென்றால் வயலின் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது. வில்லின் முடியைக் கையால் தொட வேண்டாம்.

வீணையில் தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே இருக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. சூடு, வெயில், ஆல்கஹால், எண்ணெய் நான்குமே அந்த மெழுகுக்கு எதிரி. மெட்டுகளுக்கு இடையே உலர்ந்த பிரஷ். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிருதங்கம், தவில், நாகஸ்வரத்தை நாமே சுத்தம் செய்யலாமா?

வாசிப்பவரைக் கேட்காமல் தொடவே கூடாது என்பது என் கட்சி. எங்கள் குழுவின் மிருதங்கக்காரர் தன் வாத்தியத்தை வேறு யாரையும் துடைக்க விடமாட்டார், சரியாகத்தான் செய்கிறார்.

மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், இருக்கும் கறுப்பு வட்டம் அழுக்கு அல்ல. கிட்டாங்கல் பொடியையும் சோற்றையும் அரைத்து அப்பித் தேய்த்த கரணை. சுருதியே அதில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் ஊறி உதிரும். தபலாவின் கறுப்பும் அப்படியே. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் வைத்த ரவையைக் கச்சேரி முடிந்த கையோடு மெல்லச் சுரண்டி எடுத்து, பிழிந்த துணியால் ஒற்றி, காயவிட்டு உறையில் போட வேண்டும். அப்படியே விட்டால் கல்லாகிவிடும், எறும்பும் கரப்பானும் விருந்துக்கு வரும். தோல் கருவி எதற்கும் ஆல்கஹால் ஆகாது, தோல் வறண்டு விறைத்துவிடும்.

நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்தது. அதற்குச் சோப்பும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம்; சுத்தமான தண்ணீரில் அலசி நிழலில் காய வைப்பது போதும். ஒருவர் சீவாளியை இன்னொருவர் வாயில் வைக்காமலிருந்தால் கிருமிப் பேச்சே இல்லை. குழலுக்குள் நூலில் கட்டிய உலர்ந்த துணியை இழுத்து ஈரத்தை எடுங்கள். விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே சில துளைகள் மெழுகால் அடைத்திருக்கும். அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து யாரோ ஒரு பையன் ஊக்கால் குத்தி எடுத்த கதை எனக்குத் தெரியும். அது நாதத்தைச் சரிசெய்ய வாசிப்பவரே வைத்த மெழுகு. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. அதை ஈரத்தில் ஊறவிடுவதும் வெயிலில் போடுவதும் இரண்டும் தப்பு.

கேபிள் முழுக்க டேப் பசை. மண்ணெண்ணெய் போடலாமா?

மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் பசையை எடுக்கும், கேபிள் உறையையும் கெடுக்கும், தீ அபாயம் வேறு. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். இங்கேதான் நீலகிரித் தைலம். துணியில் சில சொட்டு விட்டுப் பசை மேல் ஒரு நிமிடம் வைத்து இழுத்தால் திரண்டு வந்துவிடும். சில பிளாஸ்டிக் அதற்கும் இளகும் என்பதால் முதலில் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சோப்புத் துணியால் ஒரு முறை இழுத்துத் தைலத்தையும் எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு வண்டி முழுக்கச் சளி பிடித்த வீடு மாதிரி மணக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எக்ஸ்எல்ஆர் பின் (மைக் கேபிள் முனையில் இருக்கும் மூன்று பின்), ஜாக் முனை கறுத்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். மேலே இருப்பது மெல்லிய வெள்ளி, தங்கம் அல்லது நிக்கல் முலாம். அது தேய்ந்தால் உள்ளிருக்கும் உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும். 99 சதவீத ஆல்கஹால் தொட்ட துணியே போதும். பெண் சாக்கெட்டுக்கு, ஜாக் முனையில் காண்டாக்ட் கிளீனர் தொட்டுப் பத்துத் தடவை செருகி எடுங்கள்.

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையரைத் திறந்து தூசி எடுக்கலாமா?

ஸ்பீக்கரின் முன் வலையைக் கழற்றித் தனியாகக் கழுவலாம். உள்ளே தெரியும் காகிதக் கோனுக்கு உலர்ந்த பிரஷ் மட்டும். நடுவில் இருக்கும் குமிழில் வேக்வம் கிளீனரை வைத்தால் உறிஞ்சி நசுங்கிவிடும்.

ஆம்ப், பவர்டு ஸ்பீக்கர் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேரே டிசி ஆக்கினால் சுமார் 325 வோல்ட். அது உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தங்கியிருக்கும். வால்வு கிட்டார் ஆம்ப் இதைவிட ஆபத்து. வடித்துவிடத் தெரிந்தவர் செய்கிற வேலை அது.

வெளியிலிருந்தே செய்யக்கூடியது, காற்று போகும் வழியைச் சுத்தமாக வைப்பது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் கழற்றிச் சோப்பில் அலசி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். சைக்கிள் கடைக் கம்ப்ரஸரில் கொண்டுபோய் அடிக்கிற வழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேகமும் அதிகம். எந்தக் காற்றானாலும் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றிப் பேரிங் போகும், ஃபேனே ஜெனரேட்டராகி சர்க்யூட்டுக்கு மின்சாரம் அனுப்பவும் கூடும்.

புகை இயந்திரத்தால் வரும் பிசுபிசுப்பு?

சாதாரணப் புகைத் திரவம் கிளைகாலும் தண்ணீரும் கலந்தது, ஈரத்துணிக்கே வந்துவிடும். மெல்லிய பனிமூட்டம் போல் புகை விடும், எண்ணெயில் ஓடும் ஹேஸர் என்றால் சோப்பு தேவை.

கச்சேரி நடுவில் மழை. எல்லாம் நனைந்துவிட்டது.

முதலில் ஆள், பிறகு பொருள். ஈரக் கையோடு மைக்கையோ மிக்ஸரையோ தொட்டு ஓடாதீர்கள். ஜெனரேட்டரை, அல்லது மெயினை, அணைக்கச் சொல்லி, அணைந்ததைப் பார்த்தபின்தான் மேடையில் கை வைக்க வேண்டும். மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் மழைக்காலத்தில் நாங்கள் இப்போது வாசிப்பதில்லை. இதற்காக விழாக் கமிட்டியோடு சண்டையும் போட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாய்க்குள்ளிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேட்டரிகளைக் கழற்றுங்கள். கனெக்டர்களை வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் குறைந்தது இரண்டு மூன்று நாள். மிக்ஸர், ஆம்ப் நனைந்திருந்தால் காய்ந்த பின்னும் மெக்கானிக் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கரண்ட்.

பெட்டிக்குள் பூஞ்சை வாடை வருகிறது. டெட்டால், பிளீச் போட்டுக் கழுவலாமா?

பிளீச் கருவிப் பெட்டிப் பக்கமே வரக்கூடாது. உலோகத்தை அரிக்கும், அமிலக் கழிவறைத் திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும், அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புண்ணாகும். பெட்டியைத் திறந்து வெயிலில் வையுங்கள், கருவியை வெளியே எடுத்துவிட்டுத்தான். பிறகு ஆறேழு சிலிகா ஜெல் பை. நீல மணி இளஞ்சிவப்பானால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம், சூடுகாட்டினால் மறுபடி நீலமாகும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால் கருவி கெடுமா?

வைக்காமல் இருக்க முடியாது, எங்கள் குழுவிலும் வைக்கிறோம். ஆனால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். குங்குமப் பொடி ஃபேடர் இடுக்கில் விழுந்தால் தைப்பூசம் வரைக்கும் கரகரக்கும், ஈரச் சந்தனம் கட்டை நடுவில் இறங்கினால் சர்வீஸ்காரர் வீட்டிலும் பூஜை நன்றாக நடக்கும். எலுமிச்சம் பழத்தை ஆம்ப் மேல் பிழிந்து வைத்த வருடமும் உண்டு. இப்போது மிக்ஸருக்கும் கீபோர்டுக்கும் பொட்டு பின்பக்கத் தகரத்தில், பிளக் செருகும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி. பாடகர் மைக்குக்கு வலையில் வைக்காமல் கைப்பிடியில். மிருதங்கத்துக்கு மட்டும் எங்கே வைப்பது என்பதை மிருதங்கக்காரரே முடிவு செய்கிறார்.